இரசாயனத்தில் முதுமாணி: வெள்ளவத்தை மொட்டைமாடியில் கேட்டதும் சொன்னதும்

போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் இருபது பேர் வரையில் கூடியிருந்தோம். முதுமாணி செய்ய நினைப்பவர்கள், பாதியில் நிற்பவர்கள், பிள்ளையைச் செய்ய விடலாமா என்று யோசிக்கும் ஓர் அம்மா. நான் யாழ்ப்பாணத்தில் சிறப்புப் பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறுகளில் முதுமாணி முடித்தவன். அந்தத் தகுதியில்தான் என்னைக் கதிரையில் இருத்தினார்கள். அன்று வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. வாயால் அரைகுறையாகச் சொன்ன சிலவற்றை எழுதும்போது கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

அண்ணா, நான் சிறப்புப் பட்டம் இறுதி வருடம். இங்கே முதுமாணி செய்துவிட்டு வெளியே போவதா, நேரே போவதா?

முதலில், எந்த முதுமாணி என்று கேட்க வேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் இருக்கின்றன. உங்களுடைய சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். 9ஆம் மட்டம் என்பது பாடநெறி மட்டுமே உள்ள முதுமாணி, 30 கிரெடிட். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆராய்ச்சிக்கு. 11ஆம் மட்டம் முதுதத்துவமாணி, அதாவது எம்பில், பெரும்பாலும் ஆராய்ச்சி. 9க்கும் 10க்கும் விளம்பரத்தில் ஒரே மாதிரி "எம்எஸ்சி" என்றுதான் போடுவார்கள். சேர்ந்த பிறகு மட்டத்தைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரசாயனத்தில் நான் கண்ட கணக்கு இது: பாடம் படிக்கப் போனால் நீங்கள் காசு கட்டுகிறீர்கள், ஆராய்ச்சி செய்யப் போனால் பெரும்பாலும் உங்களுக்குக் காசு தருகிறார்கள். தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடங்களிலிருந்து மானியம் எடுத்த விரிவுரையாளர் ஒருவரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால், மாதக் கொடுப்பனவோடு முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்யலாம். தொகை பெரிதில்லை. வெள்ளவத்தையில் அறை வாடகை கொடுத்தால் கையில் மிஞ்சாது. ஆனாலும் வீட்டுக் காசு கரையாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்குள்ள இரசாயனத் துறைகள் இளமாணி முடித்தவர்களை நேரே கலாநிதிப் படிப்புக்கே எடுக்கின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்பு எடுப்பீர்கள், அதற்குச் சம்பளம். படிப்புக் கட்டணத்தைத் துறையே பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு வருடம் ஆகும். முதுமாணிக்கென்று விண்ணப்பித்தால் பெரும்பாலும் அந்தச் சலுகை கிடையாது, சொந்தக் காசுதான். ஆகவே பட்டத்தில் எடுத்த வகுப்பு நல்லது, இறுதி வருட ஆராய்ச்சியும் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்றால் இங்கே இரண்டு வருடம் செலவழிக்கத் தேவையில்லை. வகுப்பு கொஞ்சம் சறுக்கிவிட்டதா? அப்போது இங்கே ஒரு முதுதத்துவமாணியும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் அந்தச் சறுக்கலை மறைத்துவிடும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். பரிந்துரைக் கடிதம் மூன்று. கடிதம் தருபவரிடம் நவம்பர் கடைசியில் போய் நின்று அவசரப்படுத்தாதீர்கள், செப்டம்பரிலேயே கேளுங்கள்.

அமெரிக்கப் பட்டப்பின் படிப்புக்குக் கேட்கும் ஜிஆர்ஈயில் இரசாயனப் பாடப் பரீட்சைக்கும் படிக்க வேண்டுமா?

அது இப்போது இல்லை. 2023இல் நிறுத்திவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பொது ஜிஆர்ஈயையும் பல துறைகள் கேட்பதில்லை. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நான் ராஜகிரியவில் இரசாயன நிறுவகத்தின் பட்டதாரித் தகைமை படித்தேன். அது பல்கலைக்கழகப் பட்டம் இல்லையே, முதுமாணிக்கு எடுப்பார்களா?

எடுப்பார்கள், எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். அந்த நிறுவகம் 1941இல் இலங்கை இரசாயனச் சங்கமாகத் தொடங்கியது. நீங்கள் படித்த நெறி 1979இலிருந்து நடக்கிறது. அதை முடித்துவிட்டு அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்குப் போனவர்கள் ஏராளம். உள்நாட்டு விண்ணப்பத்தில் "பட்டம் அல்லது அதற்குச் சமமான தகைமை" என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் கட்டடத்தின் பெயர் அடமன்ரேன் இல்லம், இல்லையா? பத்துக் காபன், பதினாறு ஐதரசன், வைரத்தின் சட்டகத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது போன்ற மூலக்கூறு. கட்டடத்துக்கு மூலக்கூறின் பெயரை வைக்கும் ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

ரத்மலானையில் மருந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் ஆறு வருடமாக வேலை. எச்பிஎல்சி (கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) எல்லாம் ஓட்டுவேன். பகுப்பாய்வு இரசாயனத்தில் வார இறுதி முதுமாணி செய்தால் புதிதாக என்ன கிடைக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

கேட்ட தொனியிலேயே "ஒன்றும் கிடைக்காது" என்ற பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது! உங்களிடம் ஒரு கேள்வி. மாத்திரையிலிருந்து எடுத்த ஒரு காரத்தன்மையான மருந்து, வரைபில் நேராக இறங்காமல் பின்னால் வால் நீட்டிக்கொண்டு வருகிறது. என்ன செய்வீர்கள்?

(அவர் சொன்னார்: "கொலத்தை மாற்றுவோம்.")

சரி, மாற்றினால் சில வேளை சரியாகும். ஏன் என்று தெரிந்தால் கொலம் வாங்கும் காசு மிஞ்சும். கொலம் என்பது பிரிப்பு நடக்கும் குழாய். அதன் உள்ளே இருக்கும் சிலிக்காவின் மேற்பரப்பில் மூடப்படாத சிலனோல் கூட்டங்கள், அதாவது மறை ஏற்றம் எடுக்கக்கூடிய முனைகள், இருக்கின்றன. நேர் ஏற்றம் பெற்ற மருந்து மூலக்கூறுகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு தாமதமாக வருகின்றன. ஓடும் கரைசலின் பீஎச் பெறுமானத்தை 3க்குக் கீழே கொண்டுவந்தால் சிலனோலின் ஏற்றம் அடங்கிவிடும், வாலும் சுருங்கும். நானும் நாலு வருடம் பொத்தானை அமத்திக்கொண்டு இருந்தவன்தான். ஒரு சனிக்கிழமை காலை வகுப்பில் இதைக் கேட்டபோது திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

தொழிலுக்கு உண்மையில் பயன்படுபவை இரண்டு பாடங்கள்: ஒரு சோதனை முறையைச் செல்லுபடியாக்குவது, அளவீட்டின் நிச்சயமின்மையைக் கணக்கிடுவது. பரிசோதனைக்கூடங்களுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் எடுக்கும் எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் கணிப்பாய்வாளர் வந்து உட்கார்ந்ததும் கேட்பது இவற்றைத்தான். பதில் சொல்லத் தெரிந்தவர் தொழில்நுட்ப முகாமையாளர் ஆகிறார். தெரியாதவர் மாதிரிப் போத்தல்களுக்குத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். பேராதனையில் விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் பகுப்பாய்வு இரசாயனம் இருக்கிறது. பல்பகுதியம் அல்லது இறப்பர் பக்கம் போக விருப்பம் என்றால் ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம். பேராதனைக்குக் கொழும்பிலிருந்து வாராவாரம் போய்வருவது உடம்பை முறிக்கும், சேருவதற்கு முன்பே அதை யோசியுங்கள்.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்தவள் நான். பட்டமும் தட்டுத்தடுமாறி முடித்தேன். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத முடியுமா என்று பயமாக இருக்கிறது.

தங்கச்சி, முதலாண்டு ஆய்வுகூடத்தில் செயன்முறை காட்டுபவர் "பிப்பெட்டை எடு" என்றார். நான் மேசை முழுக்கத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது, குழாயி என்ற பெயரில். அளவி, குழாயி, நியமிப்பு, சேதனம், அசேதனம் என்று நாம் படித்தவை எல்லாம் அந்தக் காலையில் ஒரே அடியில் பெயர் மாறிவிட்டன.

ஆனால் பெயர் மட்டும்தான் மாறியது. விளங்கிப் படித்தவருக்குச் சொல் ஒரு வருடத்தில் வந்துவிடும். சொல்லை மட்டும் பாடமாக்கியவருக்கு விளக்கம் கடைசி வரை வராது, அவர் எந்த மொழியில் படித்திருந்தாலும். ஆய்வேட்டு ஆங்கிலம் கதை எழுதும் ஆங்கிலமும் இல்லை. "கரைசல் 60 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கப்பட்டது" என்ற மாதிரி ஐம்பது அறுபது வாக்கிய அமைப்புகள்தான் திரும்பத் திரும்ப வரும். உங்கள் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்து, செய்முறைப் பகுதியை மட்டும் கையால் பார்த்து எழுதுங்கள், வாரத்துக்கு ஒன்று. சுவாரசியமே இல்லாத வேலைதான். ஆனால் ஆறு மாதத்தில் கை தானாக எழுதும். ஆய்வுகூடக் குறிப்புப் புத்தகத்தையும் இன்றிலிருந்தே ஆங்கிலத்தில் வையுங்கள். பிழையாக இருக்கட்டும், அதற்கு யாரும் புள்ளி போடப் போவதில்லை.

மேற்பார்வையாளரையும் ஆய்வுத் தலைப்பையும் எப்படித் தெரிவு செய்வது?

தலைப்பைப் பார்க்கும் முன் கருவியைப் பாருங்கள். நான் இதில் அடிபட்டவன். என்னுடைய திட்டம் முழுவதும் ஒரே ஓர் எச்பிஎல்சியை நம்பி இருந்தது. அந்த இடத்தின் பெயர் வேண்டாம். 2022இல் அந்தக் கருவிக்குள் ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு போய்விட்டது. சாதாரண நாளில் ஒரு சின்னச் செலவு. அந்த வருடம் நாட்டில் டொலரே இல்லை, பெற்றோலுக்கே வரிசை. விளக்கு வர ஏழு மாதம். காத்திருந்து அலுத்து, தேயிலையின் பொலிபீனோல் அளவை போலின்-சியோகல்ட்டு முறையில் பார்க்கிறேன் என்று திட்டத்தையே மாற்றினேன். சோதனைப் பொருள் நீலமாகும், 765 நனோமீற்றரில் உறிஞ்சலைப் படித்தால் போதும், சாதாரண நிறமாலைமானி இருந்தால் முடியும். ஆய்வேடு அதில்தான் தேறியது.

அதனால் சேரும் முன் ஆய்வுகூடத்துக்கு ஒரு தரம் போங்கள். கருவிக்குப் பக்கத்தில் பாவனைப் பதிவுப் புத்தகம் தொங்கும். கடைசித் திகதி என்ன என்று பாருங்கள். அங்கிருக்கும் மாணவர்களைத் தனியாகப் பிடித்து, "சேர் வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் எடுப்பார்?" என்று கேளுங்கள். அவர்கள் சிரித்தால் அந்தச் சிரிப்பே பதில்.

தலைப்புக்கு வெளிநாட்டுக் கட்டுரைகளைப் புரட்டிக் களைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் உரம் இறங்கிக் கிணற்று நீரில் சேரும் நைத்திரேற்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டும் கிணறுகள் அங்கே உண்டு. நம் கறுவாவில் கூமரின் என்ற வாசனைச் சேர்வை மிகக் குறைவு, கசியாப் பட்டையில் அதிகம். இரண்டும் கலந்து விற்கப்படும் தூளில் எது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது நல்ல திட்டம். புல்மோட்டை மணலில் இல்மனைற்று என்ற தைற்றேனியக் கனிமம் கிடக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது, கரையெல்லாம் பிளாத்திக்குக் குருணைகள் ஒதுங்கின. எரிந்த குருணையும் எரியாத குருணையும் கடலில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இதில் இன்னும் பத்து ஆய்வேட்டுக்கு வேலை இருக்கிறது. நீர் மாதிரி எடுக்க விமானச் சீட்டுத் தேவையில்லை, பஸ் சீட்டுப் போதும்.

எனக்கு ஆய்வுகூடமே ஒத்துவராது. மணம் பிடித்தாலே தலையிடி.

கணிப்பு இரசாயனம் பாருங்கள். கணினியில் மூலக்கூறுகளின் சக்தியைக் கணக்கிடும் வேலை. ஓர்கா என்ற மென்பொருள் கல்விப் பாவனைக்கு இலவசம். சாதாரண மடிக்கணினியில் சின்ன மூலக்கூறுகளோடு தொடங்கலாம். ஆனால் கணிதம் வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் பயந்தவர் கணிதத்துக்கும் பயந்தால் எனக்கு வேறு யோசனை இல்லை.

இந்தியாவுக்குப் போனால்?

இரண்டு வருட முழுநேரப் படிப்பு, பாட அடித்தளம் பலமாகும். இலங்கையருக்கென்று மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது, கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுக்குப் போனால் அங்கே இது வேதியியல், சேதனம் கரிமம் ஆகிவிடும். மறுபடியும் பெயர் மாற்றம்!

ஜேர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே?

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணம் இல்லை. பாடன்-வூட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு அரையாண்டுக்கு 1500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். இங்கே பலருடைய பயணம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

தம்பி, மகளுக்கு 25 ஆகுது. முதுமாணி, கலியாணம், பிள்ளை, இதெல்லாம் எப்படி?

அம்மா, என்னுடைய வகுப்பில் பாதிப்பேர் கலியாணமானவர்கள். ஒருவர் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து கடைசிப் பரீட்சையில் முதலாவதாக வந்தார். அதனால் எது முதலில் என்று மகளே முடிவு செய்யட்டும். நான் சொல்லக்கூடியது ஆய்வுகூடத்தைப் பற்றி மட்டும். கருத்தரித்தால் வெட்கப்படாமல் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். டைமீதைல்போமமைட்டு போன்ற கரைப்பான்கள், ஈயம், இரசம் இவற்றிலிருந்து அந்த மாதங்களில் விலகி இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எழுதும் வேலையை முன்னுக்குக் கொண்டுவரலாம். நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று அண்ணா. தெரியாத பேராசிரியருக்கு மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

பத்து வரிக்கு மேல் வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையிலேயே வாசித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தைக் கேளுங்கள். "உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று எல்லாரும் எழுதுவார்கள், கேள்வி கேட்டவரைத்தான் ஞாபகம் இருக்கும். நீங்கள் கையால் ஓட்டிய கருவிகள் எவை, இறுதி வருடத்தில் என்ன செய்தீர்கள், எப்போது தொடங்கலாம், அவ்வளவுதான். பத்து நாள் பார்த்துவிட்டு இன்னொரு தரம் எழுதலாம், மூன்றாம் தரம் வேண்டாம். இன்னொன்று: ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பும்போது பெயரை மாற்ற மறந்துவிடாதீர்கள். நான் ஒருவருக்கு இன்னொருவர் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார், அந்த இன்னொருவரின் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து.