கல்லூரி ஆண்கள் தடகள முடிவுகளில் நீளம் தாண்டிய தூரத்துக்குப் பக்கத்தில் ‘+2.6’ என்று போடுகிறார்களே, அது என்ன?

அது காற்றின் வேகம், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில். பிளஸ் என்றால் முதுகுப் பக்கமிருந்து வீசியது, மைனஸ் என்றால் முகத்தில் அடித்தது.

தை மாதம் வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்கு சைக்கிளில் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், பாதி மிதி மிச்சம். ஓடி வந்து தாண்டுபவருக்கும் அதே உதவி கிடைக்கிறது. அதனால்தான் +2.0 வரைதான் சாதனைக்கு ஏற்பார்கள். 100, 200 மீட்டர், 110 மீட்டர் தடை ஓட்டம், மும்முறை தாண்டுதல் எல்லாவற்றுக்கும் இதே அளவு. 400 மீட்டருக்குக் கிடையாது. முழுச் சுற்று வருவதால் காற்று ஒரு பக்கம் உதவும், மறுபக்கம் தடுக்கும்.

இதற்கு அருமையான உதாரணம் நம் இரண்டு மாநிலத்துப் பையன்களே. 2022 ஏப்ரலில் தேஞ்ஞிப்பலத்தில் நடந்த பெடரேஷன் கோப்பையில் தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டினார். காற்று +4.1. பாலக்காட்டு ஸ்ரீசங்கர் தாண்டியது 8.36, காற்று வரம்புக்குள். தங்கம் ஆல்ட்ரினுக்கு, தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்கு! இரண்டுமே நியாயமான முடிவு என்றுதான் சொல்வேன்.

காற்று அதிகமானால் பதக்கம் பறிபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இடமும் பதக்கமும் புள்ளியும் அப்படியே நிற்கும், சாதனைப் பட்டியலில் மட்டும் அந்தத் தூரம் ஏறாது.