உப்பு பூக்கும் பழைய வீட்டு முகப்பு: டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: குரோம்பேட்டையில் 1986இல் அப்பா கட்டிய தனி வீடு. மூன்று வருடத்துக்கு முன் பெயின்ட் அடித்தும், முகப்பில் கீழிருந்து மூன்றடி உயரம் வரை உரிந்து உப்பு பூத்திருக்கிறது. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. முகப்பு முழுக்க எலிவேஷன் டைல்ஸ் ஒட்டிவிட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்த ஈரம் வெளிமுகத்தில் உலரும்போது, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் பெயின்டைத் தள்ளுகிறது. டைல்ஸால் மூடினால் உலர வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும். ஹால் பக்கமும் வரும். அப்படி ஒட்டிய ஒரு வீட்டில் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறேன். பின்னால் இருந்த பூச்சு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

முதலில் வெளியே போய்த் தரையைப் பாருங்கள். புறநகரில் சாலையை உயர்த்த உயர்த்த, நாமும் வாசலில் சிமென்ட் போட்டு உயர்த்திவிடுகிறோம். பேஸ்மென்ட், அதாவது தரைக்கு மேல் தெரியும் அடித்தளம், புதைந்து, மழைநீர் சுவரிலேயே தேங்குகிறது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமென்ட் தரையை உடைத்து, மண்ணைத் தாழ்த்தி, ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் இருக்க வேண்டும்.

பிறகு உப்புக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிடச் சொல்லுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வெயிலில் சில வாரம் காயட்டும். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவர் புதுப் பூச்சுக்கு இன்னும் தயாராகவில்லை. எவ்வளவு காய்ந்தும் அடங்காவிட்டால், பேஸ்மென்டுக்குச் சற்று மேலே வரிசையாகத் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தும் முறை இருக்கிறது.

சன்ஷேடைத் தள்ளிப்போடாதீர்கள், கீழே ஆட்கள் நடக்கும் இடம் அது. சுத்தியலால் தட்டினால் பொத்தென்று கேட்கும் இடமெல்லாம் கொத்த வேண்டும். கம்பியின் பின்பக்கம் வரை துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் மேஸ்திரியோடு நிறுத்தாமல் பொறியாளரிடம் காட்டுங்கள். அடிப்பக்கம், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, விரல் பதியும் அளவு ஒரு பள்ளக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். சுவரில் கறுப்புக் கோடு இறங்காது.

அழகுக்கு வருவோம். மாடிக் கைப்பிடிச் சுவரில் சிமென்ட் ஜாலி, வராந்தாவில் வட்டம் போட்ட கிரில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து வீட்டுக்கு முகமே அவைதான். கிரில்லைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அடர் நிற எனாமல் கொடுங்கள். சுவருக்கு ஒரே வெளிர் நிறம் போதும். மழைநீர்க் குழாய்க்கும் அதே நிறத்தை அடித்துவிட்டால் குழாய் கண்ணில் படாது. வேலை செய்யாத டிஷ்ஷையும் தொங்கும் கேபிளையும் எடுத்தாலே முகப்பு பாதி தெளிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தையில் கொத்த ஆரம்பியுங்கள். புதுப் பூச்சு நான்கு வாரமாவது காய்ந்த பிறகே பிரைமரும் எமல்ஷனும். அதற்கு முன் பட்டி பார்க்க ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.