வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களின் கேள்விகள்: குமரி மாவட்டத்திலிருந்து சில

தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவு கற்பிப்பது பற்றியும் அதற்கான பணியிடைப் பயிற்சிகள் பற்றியும் கன்னியாகுமரி மாவட்ட ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருள் பற்றிய கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சிகளில் கற்ற பாடல், கதை, செயல்பாடுகள் அனைத்தையும் வகுப்பில் செய்கிறேன். குழந்தைகளும் ஆர்வமாகப் பங்கேற்கிறார்கள். ஆனாலும் மூன்றாம் வகுப்பில் சிலருக்கு வாசிக்க வரவில்லை. எதை விட்டுவிடுகிறேன்?
*– தொடக்கப் பள்ளி ஆசிரியர், குருந்தன்கோடு ஒன்றியம்*

பெரும்பாலும் விட்டுப்போவது, ஒவ்வொரு குழந்தையும் தனியாக வாசிப்பதைக் கேட்பதுதான். வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும்போது, பாடல் வரியின்மேல் விரலை நகர்த்தும் குழந்தை எழுத்தைப் பார்த்து வாசிக்கிறதா, நினைவில் பதிந்ததைச் சொல்கிறதா என்பதை எந்த ஆசிரியராலும் பிரித்தறிய முடியாது. நாளொன்றுக்கு ஐந்து குழந்தைகள் வீதம், ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால், இருபத்தைந்து பேர் கொண்ட வகுப்பை ஒரே வாரத்தில் கேட்டு முடித்துவிடலாம்.

பாடநூலில் இல்லாத சொற்களைக் கொடுங்கள். 'சாளை', 'வள்ளம்', 'மரச்சீனி' போன்ற, குழந்தைக்குப் பொருள் தெரிந்த சொற்கள் சில இருக்கட்டும். அவற்றோடு 'மொடு', 'தேபி', 'கைமு' என்று பொருளே இல்லாத சொற்களும் சில இருக்கட்டும். பொருளற்ற சொல்லை ஊகித்துச் சொல்ல இயலாது என்பதால், எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் அங்கே மறைவின்றித் தெரியும்.

கேட்கும்போது 'சரி', 'தவறு' என்று மட்டும் குறிக்காமல், குழந்தை என்ன சொன்னது என்பதையே எழுதிக்கொள்ளுங்கள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று வாசிக்கும் குழந்தைக்கு மெய்யெழுத்தில் சிக்கல். 'கொடி' என்பதைக் 'கெடி' என்று வாசிக்கும் குழந்தைக்கு உயிர்க்குறியில் சிக்கல். இந்த இரண்டாவது வகை தமிழில் மிகுதியாக ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறிகள் ஒலியில் மெய்க்குப் பின்னால் வந்தாலும் எழுத்தில் அதற்கு முன்னால் நிற்கின்றன. ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகளோ இருபுறமும் நிற்கின்றன. இடமிருந்து வலமாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இது ஒரு தடை. உகர, ஊகாரக் குறிகள் இன்னொரு வகைத் தொல்லை: கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால், ஒரே விதியைச் சொல்லிக்கொடுத்து முடித்துவிட முடியாது, ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்கவேண்டும்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரிக்க உதவுகின்றன. ஆனால் அரும்பு நிலையிலேயே இருக்கும் இருவரில் ஒருவருக்கு மெய்யெழுத்தும் மற்றவருக்கு ஒகரக் குறியும் தடையாக இருக்கலாம். நாளைக்கு யாருக்கு எதைக் கற்பிப்பது என்பதை நீங்கள் எழுதிவைத்த அந்தப் பிழைக்குறிப்புதான் சொல்லும்.

எங்கள் பிள்ளைகள் 'எனக்க புத்தகம்', 'அவனுக்க வீடு' என்றுதான் பேசுகிறார்கள். எழுதும்போதும் அப்படியே எழுதுகிறார்கள். பேச்சையே திருத்தவேண்டுமா?
*– ஆசிரியர், கடலோரப் பள்ளி, கிள்ளியூர் ஒன்றியம்*

பேச்சைத் திருத்தவேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளில் வாய் திறக்கும்போதெல்லாம் திருத்தப்படும் குழந்தை, விரைவிலேயே பேசுவதை நிறுத்திவிடும். பேசாத குழந்தையின் வாசிப்பை மதிப்பிடவே வழியிருக்காது. அதற்காக எழுத்துத் தமிழைத் தள்ளிவைக்கவும் கூடாது. குழந்தை சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அதன் கீழே 'என்னுடைய புத்தகம்' என்று எழுதி, வீட்டில் இப்படிச் சொல்கிறோம், புத்தகத்தில் இப்படி எழுதுகிறோம் என்று இரண்டையும் வாசிக்கச் செய்யுங்கள். தான் சொன்னதையே எழுத்தில் காணும் குழந்தை அதை வாசிக்கத் தயங்காது. வெளிமாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்த ஆசிரியர்கள், உள்ளூர் வழக்கைக் குறைபாடாகப் பதிவு செய்துவிடாமல் இருக்க, உடன் பணியாற்றும் உள்ளூர் ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்களுக்குத் தவறாமல் ஆசிரியர்களை அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் வகுப்பறை பழையபடியே நடக்கிறது. தலைமையாசிரியராக நான் என்ன செய்யலாம்?
*– தலைமையாசிரியர், அரசு உதவிபெறும் பள்ளி, தக்கலை ஒன்றியம்*

இக்குறை உங்கள் ஆசிரியர்களின் அக்கறையின்மையால் வந்ததன்று. மாநில அளவில் வடிவமைக்கப்படும் பயிற்சி, கருத்தாளர்கள் (பயிற்சி தருபவர்கள்) வழியாக மாவட்டத்திற்கும் வட்டாரத்திற்கும் குறுவளமையத்திற்கும் படிப்படியாக இறங்கும்போது, நேரம் போதாமல் முதலில் கைவிடப்படுவது செய்துகாட்டலும் செய்துபார்த்தலும்தான். கடைசிப் படியில் மிஞ்சுவது திரையில் ஓடும் பக்கங்கள். புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைப் பற்றி எழுதினார்கள். விளக்கம், செய்துகாட்டல், பயிற்சிக்கூடத்தில் செய்துபார்த்தல் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், வகுப்பறையிலேயே சக ஆசிரியர் ஒருவரின் தொடர்ந்த துணையும் கிடைத்தால்தான் புதிய முறை ஆசிரியரின் வழக்கமான கற்பித்தலில் நிலைக்கிறது என்பது அவர்களுடைய முடிவு.

ஆகவே கூட்டத்திற்குப் பிந்தைய மூன்று, நான்கு வாரங்களில்தான் உங்கள் வேலை இருக்கிறது. இரண்டு ஆசிரியர்களை இணையாக்குங்கள். வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், ஒருவர் வகுப்பில் மற்றவர் அமரட்டும். அந்த நேரத்தில் அமர்பவருடைய வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்ய மனமில்லாத தலைமையாசிரியர் இந்த ஏற்பாட்டைத் தொடங்காமல் இருப்பதே மேல். அமர்பவர் ஆசிரியரைப் பார்க்கவேண்டாம், முன்கூட்டியே தெரிவு செய்த மூன்று குழந்தைகளை மட்டும் பார்க்கட்டும்: எந்த எழுத்தில் நின்றார்கள், நின்றபோது என்ன செய்தார்கள் என்பதே குறிப்பு. அந்தக் குறிப்பு எந்தக் கோப்பிலும் சேரக்கூடாது. மதிப்பீட்டு ஆவணமாகிவிடும் என்று தெரிந்தால், அடுத்த வாரம் நீங்கள் காண்பது ஒத்திகை பார்த்த பாடமாகத்தான் இருக்கும்.

தோவாளை, திருவட்டாறு ஒன்றியங்களின் மலையோரத்தில் உள்ள ஈராசிரியர் பள்ளிகளில் இவ்வாறு அமர ஆள் கிடைக்காது. அங்கே குழந்தையின் பெயரோ முகமோ இல்லாமல், ஒரு நிமிட வாசிப்பின் ஒலியை மட்டும் கைப்பேசியில் பதிந்து குறுவளமையத்திற்கு எடுத்துச் செல்லலாம். நான்கு பள்ளிகளின் நான்கு பதிவுகளை ஒன்றாகக் கேட்டு, அடுத்து என்ன கற்பிப்பது என்று பேசும் ஒரு மணி நேரம் பயனுள்ள பயிற்சிதான். தேரூர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்களையோ வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர்களையோ அந்த மணி நேரத்திற்கு அழைத்துப் பாருங்கள்.

மலையாள வழிப் பிரிவில் தமிழ் கற்பிக்கிறேன். குழந்தைகள் 'பகல்', 'தங்கம்' இரண்டிலும் ககரத்தை ஒரேமாதிரி வல்லொலியாக வாசிக்கிறார்கள்.
*– ஆசிரியர், மேல்புறம் ஒன்றியம்*

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006இன்படி அக்கல்வியாண்டின் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமானதால், இத்தகைய வகுப்புகளுக்கான பயிற்சி தனியாகவே தேவைப்படுகிறது. மலையாளத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலிக்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், ஙகரத்தின் பின் ஆங்கில g போல அழுத்தமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே மென்மையாகவும் ஒலிக்கும் என்பதை 'கடல், பக்கம், தங்கம், பகல்' என்ற நான்கு சொற்களை அருகருகே வைத்துக் கேட்கச் செய்தால் போதும். மெய்க்கு முன்னால் நிற்கும் உயிர்க்குறிகள் மலையாளத்திலும் உண்டு என்பதால், மற்ற குழந்தைகள் திணறும் இடத்தில் இவர்கள் திணறமாட்டார்கள்.

எழுத்துகளை மாற்றி எழுதும் மாணவனுக்குக் கற்றல் குறைபாடு என்று முடிவு செய்யலாமா?

ஆசிரியர் அவ்வாறு முடிவு செய்யக்கூடாது. முதலில் பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்படட்டும். பிறகு, மேலே சொன்னபடி பிழைகளைக் குறித்து, இரண்டு மாதம் இலக்கு வைத்துக் கற்பித்தும் மாற்றமில்லையெனில், அந்தக் குறிப்புகளோடு வட்டார வளமையச் சிறப்புப் பயிற்றுநரை அணுகுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளதால், உரிய சான்று பெற்றால் தேர்வுச் சலுகைகளுக்கும் வழியுண்டு.

இணையவழிப் பயிற்சிகளுக்குச் சான்றிதழ் சேர்ப்பதால் பயன் உண்டா?

பணிப்பதிவேட்டுக்கு உண்டு. வகுப்புக்குப் பயன்படவேண்டுமானால், ஒரு பயிற்சியை முடித்து, அதில் ஒன்றையாவது ஒரு மாதம் செய்துபார்த்த பிறகே அடுத்ததில் சேருங்கள்.

நான் அறிவியல் ஆசிரியர். வாசிக்கக் கற்பிப்பது தமிழாசிரியரின் பொறுப்பல்லவா? எங்களையும் ஏன் இப்பயிற்சிக்கு அழைக்கிறார்கள்?
*– பட்டதாரி ஆசிரியர், நாகர்கோவில்*

உங்கள் பாடநூலின் வாக்கியங்களைத் தமிழாசிரியர் கற்பிப்பதில்லை என்பதுதான் காரணம். 'பச்சையத்தின் உதவியால் சூரிய ஒளியைப் பயன்படுத்தி இலைகளில் உணவு தயாரிக்கப்படும் நிகழ்வு ஒளிச்சேர்க்கை எனப்படும்' என்ற வாக்கியத்தில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இறுதிக்குச் சற்று முன்புதான் தெரியவருகிறது. அதுவரை வந்த அனைத்தையும் மாணவர் நினைவில் தாங்கி நிற்கவேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பவரால் அது இயலாது. இதை 'இலையில் பச்சையம் இருக்கிறது', 'இலை சூரிய ஒளியைப் பயன்படுத்துகிறது', 'இலை உணவு தயாரிக்கிறது', 'இந்நிகழ்வின் பெயர் ஒளிச்சேர்க்கை' என்று மாணவர்களே பிரித்து எழுதி, பிறகு மீண்டும் ஒரே வாக்கியமாக இணைக்கட்டும். பாடத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். எந்த இரண்டு என்பதை உங்கள் பள்ளித் தமிழாசிரியரோடு அமர்ந்து தெரிவு செய்தால், அதே வாரம் அவர் எச்சத் தொடர்களை நடத்தும்போது உங்கள் வாக்கியங்களையே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்திக்கொள்வார்.