மொரோடர், இயந்திரம், நடனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மின்னணு நடன இசையைக் கல்லூரி நாட்களிலிருந்து கேட்டுவருகிறேன். அமெரிக்கப் பாடகி டோனா சம்மர் 1977இல் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ பாடலை அண்மையில்தான் முதன்முறையாகக் கேட்டேன். அது போன வாரம் வெளிவந்தது என்று யாரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அதன் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடரை இவ்வகை இசையின் தந்தை என்கிறார்கள். ஆனால் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் அவருக்கு முன்பே, மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர் என்ற கருவியைக் கொண்டு பாடல்கள் அமைத்துவிட்டார்களே? தவிர, எல்லாவற்றையும் இயந்திரமே வாசித்துவிட்டதென்றால் மொரோடர் செய்ததுதான் என்ன? நண்பர்களிடம் கேட்டால், இந்தப் பாடல் சேர்ந்த நடன இசைவகையான டிஸ்கோ என்ற சொல்லுக்கே சிரிக்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

இத்தாலியின் தென் டைரோல் பகுதியில் 1940இல் பிறந்த மொரோடர், மியூனிக் நகரில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் நிலவறையில் மியூசிக்லேண்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்திவந்தார். அவரும் அவருடைய கூட்டாளி பீட் பெல்லாட்டும், கடந்த காலங்களின் இசையை ஒவ்வொன்றாக நினைவூட்டிவிட்டு எதிர்காலத்தின் ஒலியில் முடியும் ஒரு தொகுப்பை சம்மருக்காகத் திட்டமிட்டார்கள். அந்தக் கடைசிப் பாடல்தான் ‘ஐ ஃபீல் லவ்’. அதற்காக, எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருக்குச் சொந்தமான ‘மூக்’ என்ற வகைப் பெரிய சிந்தசைசர் பயன்படுத்தப்பட்டது. அதை இயக்கத் தெரிந்தவர் ஷோனரின் உதவியாளர் ராபி வெடல்.

நினைத்ததை நினைத்தபடி தரும் கருவியல்ல அது. கம்பிகளைச் செருகி ஒவ்வோர் ஒலியையும் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டிய ஒலியும் சிறிது நேரத்திலேயே சுருதி விலகிவிடும். ஆகவே 20, 30 நொடிகள் பதிவுசெய்வது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடியும் பதிவுசெய்வது என்றே வேலை நடந்தது. அப்படித் துண்டு துண்டாகப் பதிவானவை பிசகின்றிப் பொருந்தியதற்குக் காரணம் வெடல் காட்டிய வழி: ஒலிநாடாவின் ஒரு தடத்தில் வெறும் துடிப்பை மட்டும் பதிந்துவைத்து, அடுத்தடுத்துப் பதிவாகும் எல்லாவற்றையும் அந்தத் துடிப்பைப் பின்பற்றவைத்தார். இன்று கணினித்திரையில் கட்டங்களுக்குள் இசையை அடுக்குபவர்கள் அனைவரும் இந்த ஒழுங்கில்தான் வேலை செய்கிறார்கள்.

இப்போது அந்தப் பாடலை ஹெட்போனில், ஒரு நேரத்தில் ஒரு காதில் மட்டும் வைத்துக் கேளுங்கள். இடது பக்கத்தில் பேஸ் என்னும் கனத்த தாழ்ந்த ஒலி தாளத்தோடு சேர்ந்து விழுகிறது. வலது பக்கத்தில் அதே ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி பின்தங்கி, தாளத்தின் இடைவெளிகளில் விழுகிறது. இரண்டு காதிலும் கேட்கும்போதுதான் உங்களை உலுக்கிய அந்த இடைவிடாத பாய்ச்சல் பிறக்கிறது. வாசிக்கப்பட்டது பாதி, மீதி அதன் எதிரொலி. நடன அரங்கில் இடது ஒலிபெருக்கிக்கு அருகில் ஆடுபவருக்கும் வலதுக்கு அருகில் ஆடுபவருக்கும் தாளம் வெவ்வேறு இடங்களில் அழுத்தம் பெறும். இதை ஓர் இயந்திரம் தானாகத் தந்துவிடாது. ஒரு காது கேட்டு, வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். மொரோடர் செய்தது என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இந்த முடிவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மூக் சிந்தசைசரிலிருந்து எவ்வளவு முயன்றும் பேஸ் டிரம்முக்கு வேண்டிய கனம் கிடைக்கவில்லை. அதை மட்டும் கீத் ஃபோர்சி என்ற டிரம் கலைஞர் காலால் மிதித்து வாசித்தார். எதிர்காலத்தின் ஒலி என்று திட்டமிடப்பட்ட பாடலின் அடியில் ஒரு மனிதனின் கால் இருக்கிறது; மேலே, எடையே இல்லாததுபோல மிதக்கும் சம்மரின் குரல் இருக்கிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் இந்தப் பாடல் இத்தனை பேரைச் சென்று சேர்ந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

கிராஃப்ட்வெர்க் முந்தியவர்கள் என்பது சரி. அவர்களுடைய ‘ஆட்டோபான்’ 1974இலேயே வந்துவிட்டது. நான் மிகவும் மதிக்கும் இசை அது. ஆயினும் 1977இல் நடன அரங்கில் வியர்த்து ஆடுபவர்களின் உடலுக்கென்றே இயந்திரத்தைப் பழக்கியது மியூனிக்கின் இந்தக் கூட்டம்தான். தந்தை என்ற பட்டத்தை மொரோடருக்கு மட்டும் தர எனக்கு மனம் வரவில்லை; வெடலையும் பெல்லாட்டையும் ஃபோர்சியையும் விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

பாடலுக்குப் பின்னால் நடந்ததைப் பொறுத்தவரை, என் மனதுக்கு மிக நெருக்கமானவர் பேட்ரிக் கௌலி. சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி கல்லூரியில் மின்னணு இசை கற்றவர். 1978இல் எவரும் கேட்காமலேயே ‘ஐ ஃபீல் லவ்’ பாடலை எடுத்து, தன் சிந்தசைசர் ஒலிகளைச் சேர்த்து, 15 நிமிடங்களுக்கும் மேலாக நீட்டினார். அது டிஜேக்களின் கைகளில் சுற்றி, 1982இல்தான் முறையாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் எய்ட்ஸ் நோயால் தன் 32ஆம் வயதில் அவர் இறந்தார். துடிப்பு ஒன்றே நிலைத்திருக்க, மேலே ஒலிகள் மெல்ல வந்து சேர்வதும் விலகுவதுமாகக் கால் மணி நேரம் கடக்கும் அந்த அமைப்பை இன்றைய டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் எங்கும் கேட்கலாம்.

உங்கள் நண்பர்களின் சிரிப்புக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே நகரின் வேர்ஹவுஸ் என்ற நடன விடுதியில், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் ஓரினச்சேர்க்கையாளர்களுமாக இருந்த கூட்டத்துக்காக டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ தட்டுகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டி வாசித்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை அங்கிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் நியூ ஆர்டர் குழு 1983இல் வெளியிட்ட ‘புளூ மண்டே’யின் டிரம் அமைப்புக்கு, மொரோடரும் பெல்லாட்டும் சம்மருக்காகத் தயாரித்த இன்னொரு பாடல் தூண்டுதலாக இருந்தது.

அடுத்து கௌலியின் பதிப்பைக் கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி வேண்டாம். அதில் ஃபோர்சியின் கால் கேட்காது.

அன்புடன்