யாரும் சீந்தாத காமிக்ஸ் இதழ்ல காசு இருக்குங்களா? – கேள்வி பதில்

முத்து காமிக்ஸ் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’ வேணும்னுதான் எல்லாரும் அலையறாங்க. அதுக்கு நம்ம கை எட்டாதுங்ணா. ஒதுக்கிப் போட்ட இதழ்களை வாங்கி வெச்சா பின்னாடி விலை வருமுங்களா? – திருப்பூர்

வருமுங்க. ஆனா அரிதா இருந்தா மட்டும் பத்தாது, தேடறதுக்கு ஆளும் இருக்கோணும். தமிழ்ல நல்ல விலை குடுக்கறவர் பெரும்பாலும் கதைக்காகக் குடுக்கறதில்லை, வரிசையில இருக்கற ஓட்டையை அடைக்கக் குடுக்கறார். ராணி காமிக்ஸ் 1984ல இருந்து 2005 வரைக்கும் 500 இதழ் வந்துச்சு. அதுல 490 கையில வெச்சிருக்கறவர் மிச்சம் பத்துல என்ன கதைன்னு பார்க்க மாட்டார். அவருக்கு எண்தான் முக்கியம்.

அந்தப் பத்து எங்க விழும்னு யோசிங்க. முதல் வருச இதழை ஆசையா எடுத்து வெச்சவங்க நிறையப் பேர். ஒரு பத்திரிகை நிக்கப் போற காலத்துல விற்பனை படுத்துரும். வித்ததே கம்மின்னா மிஞ்சறதும் கம்மிதான். அதனால கடைசிக் கட்டத்து இதழ்களைப் பாருங்க. லயன் காமிக்ஸோட கிளையா வந்து நின்னுபோன திகில், மினி லயன், ஜூனியர் லயன் மூணையும் அதே கணக்குல சேருங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசம் சும்மா இருங்க. சேகரிப்பாளர்கள் போடற ‘தேவை’ பட்டியல்களை மட்டும் ஒரு நோட்டுல எண் வாரியா குறிச்சுட்டு வாங்க. ஒரே எண் மூணு பேர் பட்டியல்ல வந்தா அதுதான் உங்க சரக்கு. அப்புறம் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைக்குப் போனா, புத்தகக் கட்டை வெச்சுட்டு மலைக்க வேண்டியதில்லை, நோட்டைப் பார்த்து உருவிக்கலாம்.

எங்கப்பா பன்னெண்டு பன்னெண்டா பைண்டிங் பண்ணி வெச்சிருக்கறார். பிரிச்சுத் தனித்தனியா வித்தா லாபமுங்களா? – கோபி

பிரிக்காதீங்க. பைண்டிங் பண்றவர் மூணு பக்கமும் கத்தியில விட்டு ஓரத்தை வெட்டியிருப்பார். வெட்டாத ஒரு பிரதியைப் பக்கத்துல வெச்சு ஸ்கேல்ல அளந்தா தெரிஞ்சுரும். அஞ்சு மில்லிமீட்டர் குறைஞ்சாலே அது ‘வெட்டுப் பிரதி’. முதுகுப் பக்கம் ஊசித்துளை வேற இருக்கும். பிரிச்சா அட்டை கிழிஞ்சு, துளை வெளிய தெரிஞ்சு, ரெண்டுக்கும் ஆகாமப் போயிரும். அட்டையெல்லாம் உள்ளயே இருக்குதான்னு மட்டும் எண்ணிப் பாருங்க. நிறையப் பேர் அட்டையைக் கிழிச்சுட்டுத்தான் தைப்பாங்க. அட்டையோட முழு வருசத் தொகுப்புன்னா, படிக்கறதுக்குன்னு வாங்கற ஆள் உண்டு.

மறுபதிப்பு வந்தா பழசோட விலை விழுகுமா? – ஈரோடு

ஓரளவு விழுகும். கதைக்காக வாங்க நினைச்சவர் புதுசுக்குப் போயிருவார். லயன்ல வந்த ‘இரத்தப் படலம்’ கதையையே பாருங்க, 2010ல கருப்பு வெள்ளைத் தொகுப்பு வந்துச்சு, 2018ல கலர்லயே வந்துருச்சு. மூலப் பதிப்புதான் வேணும்கறவர் மட்டும் நிப்பார், அவரும் அட்டை சுத்தமா இருந்தாத்தான் நிப்பார். மறுபதிப்பு அறிவிப்பு வந்த கதையோட நைஞ்ச பிரதியை அன்னிக்கே தள்ளிவிட்டுருங்க.

அமெரிக்க காமிக்ஸ்ல எறங்கலாமுங்களா? – பொள்ளாச்சி

எறங்கறதுன்னா அச்சான எண்ணிக்கையை மொதல்ல பாருங்க. 1991ல வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல போச்சு. அத்தனை பேரும் கவர் போட்டு வெச்சதால இன்னைக்கும் சல்லிசாக் கிடைக்குது. 1992ல சூப்பர்மேன் சாகற 75ஆம் இதழுக்கும் அதே கதிதான்.

ஓரமாக் கிடந்து பின்னாடி விலை ஏறினது வேற மாதிரி. 1976, 77ல மார்வெல் கம்பெனி சில ஊர்கள்ல மட்டும் விலையை ஏத்தி வித்துப் பார்த்துச்சு, மொதல்ல 30 சென்ட், அப்புறம் 35 சென்ட். உள்ள ஒரு எழுத்து மாறலை, அட்டையில விலை மட்டும் வேற. ரொம்ப வருசம் யாரும் கண்டுக்கலை. இப்ப 35 சென்ட் போட்ட ஸ்டார் வார்ஸ் முதல் இதழ் சாதாரண 30 சென்ட் பிரதியைவிடப் பல மடங்கு போகுது. ஆனா 35 சென்ட் போட்ட மறுபதிப்பும் உண்டு. மூலத்துல விலை சதுரக் கட்டத்துல இருக்கும், பார்கோடும் இருக்கும். போட்டோவுல இது ரெண்டும் தெரியாம காசு அனுப்பாதீங்க.

இன்னொண்ணு, அந்தக் காலத்து மார்வெல்ல உள்பக்கத்துல வெட்டி ஒட்டற ஸ்டாம்ப் ஒண்ணு வரும். வுல்வரின் முதல்தடவையா முழுசா வந்த ஹல்க் 181ஆம் இதழ்லயும் (1974) அது உண்டு. வெட்டியிருந்தா விலை படுத்துரும். பக்கத்தைப் புரட்டி எண்ணாம வாங்கக் கூடாது.

அட்டாலியில (பரண்ல) தகரப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கறனுங்க. போதுமா? – சத்தியமங்கலம்

அட்டாலி வேண்டாமுங்க. ஓட்டுச் சூடு நியூஸ்பிரிண்டை மஞ்சளாக்கி, தொட்டா உதிர வெச்சுரும். ஆள் புழங்கற அறையில, தரையில இருந்து ஒரு அடி மேல, செவுத்தை ஒட்டாம வைங்க. ஒரு இதழுக்கு ஒரு கவர், பின்னால அமிலமில்லாத அட்டை. சாதா காலண்டர் அட்டை வெச்சா அதுல இருக்கற அமிலமே தாளுக்கு எறங்கிரும். பெட்டிக்குள்ள ஈரப்பதம் 45ல இருந்து 55 சதம் நல்லது. ஈரம் ஏறுனா ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, நீலம் ரோஸ் ஆனா மாத்துங்க. ரசகற்பூரம் தாள்மேல படக் கூடாது. கிழிஞ்ச எடத்துல செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க. பசை பழுப்பாகி உள்ள ஊறிட்டா எடுக்க முடியாது.

ஜெராக்ஸ் அட்டை போட்டு ஏமாத்தறாங்களாமே? – கோவை

ஆமாங்க. 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. ஆப்செட் அச்சுன்னா புள்ளி வரிசையா ரோஜாப்பூ மாதிரி விழுந்திருக்கும். கலர் ஜெராக்ஸ்ல டோனர் மினுமினுப்பும் கோடு கோடாவும் தெரியும். அப்புறம் பின். அட்டையில இருக்கற துருக்கறை முதல் உள்பக்கத்துலயும் அதே எடத்துல எறங்கியிருக்கோணும். அட்டையில பழைய துளை ரெண்டு, பின் புதுசுன்னா யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. பாக்கெட் சைஸ் புத்தகத்துல முதுகுப் பசை காய்ஞ்சு நடுப்பக்கம் உதிர்ந்திருக்கும், அதையும் எண்ணுங்க.

சீட்டுப் பணம் ஒரு லட்சம் வருது. மொத்தமாப் போடலாமா? – கரூர்

வேண்டாமுங்க. அவசரத்துக்கு ஒரே நாள்ல வித்தா வாங்கின விலையில பாதிகூடத் தேறாது. பத்தாயிரத்துல ஆரம்பிச்சு, ஒரு தடவை வித்தும் பாருங்க. ஆகஸ்டுல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு லயன்-முத்து வாசகர்கள் பல ஊர்ல இருந்தும் வருவாங்க. உங்க நோட்டுல இருக்கற எண்ணை எல்லாம் அங்க நேர்லயே கேட்டுக்கலாம்.