தறிச் சத்தத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். போன வருடம் பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். இரைச்சலில் வேலை செய்தால் இதயமும் கெடும் என்கிறார்களே, உண்மையா? இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். ஆன்லைனில் 3,000 ரூபாய்க்கு ஒரு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– ஒரு வாசகி, குமாரபாளையம்

பதில்: ஹெட்போன் வேண்டாம் அம்மா. அது பஸ்ஸிலும் விமானத்திலும் பாட்டுக் கேட்பதற்கானது. ஒரே சீராக ஓடும் எஞ்சின் இரைச்சலை நன்றாகவே குறைக்கும். தறியில் நூலைக் கொண்டு ஓடும் நாடா படார் படார் என்று அடிக்கிற சத்தத்திடம் அதன் வித்தை அவ்வளவாகப் பலிக்காது. போதாததற்கு, தறிச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று பாட்டையும் ஏற்றி வைத்தால் காதுக்கு இரட்டை அடி.

இதயத்தைப் பற்றி நீங்கள் கேட்டது வெறும் பயமில்லை. பெருஞ்சத்தத்தில் அட்ரினலின், கார்ட்டிசோல் என்கிற பதற்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கும், இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். "எனக்குப் பழகிப்போச்சு" என்று அவர் சொல்லலாம், உடம்புக்கு அப்படி முழுதாகப் பழகிவிடுவதில்லை. அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அங்கே தொழிலாளர்களில் 24 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அதில் 14 சதவீதத்துக்கு வேலையிடச் சத்தத்தைக் காரணமாகச் சொல்லலாம் என்றார்கள். ஆனால் இது மக்களிடம் கேள்வி கேட்டு எடுத்த கணக்கு, தொடர்பைக் காட்டுகிறதே தவிர முடிந்த நிரூபணம் இல்லை. காது கெடும் என்பதில் மட்டும் சந்தேகமே கிடையாது. ஆகவே காதுக்காக ஒரு காப்பு வாங்குங்கள், இதயத்துக்குக் கிடைப்பது லாபக் கணக்கில் இருக்கட்டும். காதுக் காப்பு வந்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? என் ஓட்டு காதுக்குள் செருகும் சாதாரண இயர்பிளக்குக்கு. காதை மூடும் இயர்மஃப் நல்ல பொருள்தான், ஆனால் அந்தப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ஸ்பாஞ்ச் பிளக் மலிவு, ஆனால் விரலால் உருட்டி நுழைக்க வேண்டும். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் ஒட்டிய கைக்கு அது ஒத்துவராது. கயிறு கோத்த, கழுவிப் போடும் சிலிக்கான் பிளக் அவருக்குத் தோது. ஸ்பாஞ்ச்தான் பிடிக்கிறது என்றால் கை கழுவிவிட்டுப் போடட்டும்.

பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும், சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கு. 29 என்று போட்டிருந்தால் 29 டெசிபலும் குறைந்துவிடாது. அதில் 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குங்கள்: 11. இதுதான் நடைமுறையில் நம்பக்கூடிய அளவு. தறிக்கூடத்தில் 97 டெசிபல் என்றால் காதுக்குப் போவது 86. நியோஷ் சொல்லும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 97-ல் வெறுங்காதோடு அரை மணி நேரம்தான் கணக்கு! பன்னிரண்டு மணி நேரத்துக்கு 86-கூட அதிகம்தான், ஆனால் 97 எங்கே, 86 எங்கே. சில பெட்டியில் எஸ்.என்.ஆர். என்று இருக்கும். அது ஐரோப்பியக் கணக்கு, அதே பொருளுக்கே எண் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். எந்த எண்ணும் இல்லாமல் 'தூங்குவதற்கு' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். பஞ்சும் அதே ரகம்தான்.

இன்னொன்று. பாதி ஷிப்ட் போட்டு, பாதி ஷிப்ட் கழற்றி வைத்தால், எவ்வளவு உசத்தியான பிளக்காக இருந்தாலும் மொத்தத்தில் மிஞ்சுவது சுமார் 3 டெசிபல் பாதுகாப்புதான். ஆகவே விலையைவிட, அவர் காதுக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். சீல் உடைத்த பிளக்கைக் கடைக்காரர்கள் திருப்பி எடுப்பது அபூர்வம், அதனால் முதலில் ரகத்துக்கு ஒரு ஜோடி மட்டும் வாங்கிப் பாருங்கள். பெட்டியில் சொன்னது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

நியாயமாகப் பார்த்தால் இது ஓனர் வாங்கித் தர வேண்டிய பொருள். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காதே மந்தமாகிவிட்டால், இ.எஸ்.ஐ.யில் நஷ்டஈடு கேட்கக்கூடிய தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. பிரஷருக்கு அந்த வழி இல்லை.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் சத்தத்தை அளக்க மீட்டர் வாங்க வேண்டுமா, போன் ஆப் போதுமா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: ஆப் போதும், தோராயத்துக்கு. நியோஷின் இலவச ஆப் நன்றாக இருக்கும், ஐபோனில் மட்டும்தான் வரும். அதுவும் வேண்டாம் என்றால், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கத்தினால்தான் கேட்கிறது என்றால் 85-ஐத் தாண்டியிருக்கும். மீட்டர் காசுக்கு எல்லாருக்கும் பிளக் வாங்கிவிடலாம்.