லேப்டாப், பழைய கணினி, எக்ஸ்டர்னல் டிஸ்க்: மூன்றிலும் சிதறிக் கிடக்கும் பாட்டுகளை எப்படி ஒழுங்காக வைத்திருப்பது?

எது முழுத் தொகுப்பு என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஒரே ஆல்பம் இரண்டு கணினியிலும் இருக்கும்; ஒன்றில் பெயர்கள் திருத்தியிருப்பீர்கள், இன்னொன்றில் இருக்காது. சேர்க்க உட்காரும் முன் எனக்கு 2019-ல் நடந்ததைப் படித்துவிடுங்கள்.

எண்பதுகளில் கும்பகோணத்தைச் சுற்றி எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் அப்பா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் நாதஸ்வரத்தைப் பதிவு செய்துவிடுவார். மொத்தம் 210 கேசட். அவற்றை நான் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வழியாகக் கணினியில் ஏற்றினேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரப் பதிவுக்கு 600 எம்பி வரும். ஃபிளாக் என்ற சுருக்கும் வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் ஏறக்குறைய பாதி. பிறகு வீடு மாறும்போது கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அதற்காக என்னைத் திட்டாதீர்கள், அதற்குள் பூஞ்சை பிடித்து பாதிக்கு மேல் ஓடவே இல்லை.

மெயின் டிஸ்க் ஒன்று, அதன் நகல் ஒன்று என்று வைத்திருந்தேன். ஈ டிரைவில் (மெயின்) இருப்பதை எஃப் டிரைவுக்கு (நகல்) அப்படியே மிரர் செய்ய, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். நகல் டிஸ்க் பழுதாகவே புது டிஸ்க் வாங்கி, அதில் 'பாட்டு' என்று வெறும் ஃபோல்டரும் போட்டு வைத்தேன். அன்று புது டிஸ்கை முதலில் செருகிவிட்டேன். விண்டோஸ் அதற்கு ஈ என்ற எழுத்தைக் கொடுத்தது, அடுத்துச் செருகிய மெயின் டிஸ்க் எஃப் ஆனது. ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். மிரர் என்றால் மூலத்தில் இல்லாததை எல்லாம் நகலிலிருந்து அழிப்பது. வெறும் ஃபோல்டரைப் பார்த்து மெயின் டிஸ்கில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த டிஸ்கில் அதற்கப்புறம் ஒன்றுமே எழுதவில்லை, அதுதான் காப்பாற்றியது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலான கோப்புகள் திரும்பி வந்தன. ஆனால் பெயர் எதுவும் வரவில்லை, எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும்தான். டேக் (பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பது) போட்டிருந்த ஃபிளாக் கோப்புகளை எம்பி3டேக் என்ற மென்பொருளில் போட்டு, உள்ளே இருந்த தகவலை வைத்தே ஒரே மாலையில் பெயர் மாற்றிவிட்டேன். ஃபிளாக் ஆக்காமல், டேக்கும் போடாமல் சோம்பலாக விட்டிருந்த 61 வேவ் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள், மல்லாரி என்றால் எங்கேயும் கம்பீர நாட்டை ராகம்தான். முதல் பத்து நிமிடம் கேட்டாலும் எந்த ஊர், எந்த வருடம் என்று பிடிபடாது. நான்கு கோப்புகள் இன்னும் பெயரில்லாமலே இருக்கின்றன.

'எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே' என்று யாராவது கீழே எழுதுவார்கள். கோயில் பிரகாரத்தில் அப்பா பதிவு செய்தது அங்கே கிடைக்காது. கிடைக்கிற நாதஸ்வரப் பதிவுகளிலும் தவில் யார் என்று பல இடங்களில் போடுவதே இல்லை. வலையப்பட்டி சுப்பிரமணியம், ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் போன்றவர்கள் வாசித்த தனி ஆவர்த்தனத்துக்காகவே விடிய விடிய உட்கார்ந்திருந்த கூட்டம் உண்டு. பக்கவாத்தியம் என்று ஒரு வார்த்தையில் அவர்களை முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவே இல்லை. அப்பா கேசட் அட்டையில் கோயில், தேதி, இரண்டு தவில்காரர்கள் பெயர் எல்லாம் எழுதியிருப்பார். இப்போது அதையெல்லாம் டேக்கில் கமெண்ட் பகுதியில் போட்டு வைக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். ஒரே ஒரு டிஸ்கை மெயின் என்று முடிவு செய்யுங்கள். பெயர் திருத்துவது, சேர்ப்பது எல்லாம் அதில் மட்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு எம் (M) மாதிரி தள்ளியிருக்கும் டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். ஐடியூன்ஸ் பயன்படுத்தினால் இது இன்னும் முக்கியம்: அது ஒவ்வொரு பாட்டின் முழு முகவரியையும் குறித்து வைக்கிறது, டிரைவ் எழுத்து மாறினால் பாட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறிதான் வரும். நீங்கள் போட்ட ஸ்டார் ரேட்டிங்கும் பாட்டுக் கோப்பில் இல்லை, ஐடியூன்ஸின் லைப்ரரி கோப்பில் இருக்கிறது, அதையும் நகலெடுங்கள். ரோபோகாப்பி என்றால் முதலில் கட்டளையோடு /எல் (/L) சேர்த்து ஓட்டுங்கள், எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். கணினி தெரிந்தவர்கள் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கச் சொல்வார்கள். வாங்க முடிந்தால் நல்லதுதான், ஆனால் மிரர் செய்தால் அதிலும் இதேதான் நடக்கும்.

லேப்டாப் மேக், பழையது விண்டோஸ் என்றால் டிஸ்கை இரண்டிலும் எழுத முடிகிற எக்ஸ்ஃபேட்டில் (exFAT) ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் ஆக இருந்தால் மேக்கில் படிக்க மட்டும்தான் முடியும். ஃபார்மட் செய்யும் முன் அதில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டு மூன்று பாட்டுகளைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.